கோட்டுக்குள் இருந்த குரங்கு

நான் வேலை பார்க்கும் குரங்கு ஆய்வுக்கூடத்தை இந்த வருடத்தோடு மூடுகிறார்கள். வட ஐரோப்பாவில், ஒரு நாள் நல்ல வெயில் அடித்துவிட்டால் ஊரே வேலையைப் போட்டுவிட்டுப் புல்வெளியில் போய்ப் படுக்கிற ஒரு சின்ன ஊரில் அது இருக்கிறது. மூடுவதற்கு முன்னால் அதன் வரலாற்றைச் சிறு புத்தகமாகப் போடுவதென்று முடிவாயிற்று. இருபத்தாறு வருடம் அங்கே குப்பை கொட்டியவள், போதாததற்கு இந்தியாக்காரி என்பதால் முதல் அத்தியாயம் என் தலையில் விழுந்தது. அதை முடிக்க எனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அந்தப் பெயரைத் தேடித்தான் இராயபுரத்துக்கு வந்தேன்.

எங்கள் கூடம் ஒரு பழைய குதிரை லாயத்தில் தொடங்கியது. ஐம்பது வருடத்துக்கும் முன்னால், இந்தியாவிலிருந்து குரங்குகளை அனுப்ப இன்னும் தடை வராத காலத்தில், மதராஸ் துறைமுகத்திலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் நாட்டுக் குரங்குகள் இருபத்தொன்று வந்து இறங்கின. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் கூட வந்தார். முதல் இயக்குநரின் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு குரங்கின் எடையும் கிராம் சுத்தமாக இருக்கிறது. பழம் கொண்டுவந்த கடைக்காரரின் பெயர் இருக்கிறது. லாயத்துக் கூரையைச் சரிசெய்த தச்சரின் பெயர்கூட இருக்கிறது. ஆறு மாதம் குரங்குகளோடு அந்த லாயத்திலேயே படுத்துக் கிடந்த மனிதருக்கு மட்டும் பெயர் கிடையாது. 'இந்தியக் காப்பாளர்', அவ்வளவுதான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரைப் பற்றி அந்த நோட்டில் ஒரே ஒரு குறிப்பு உண்டு. 'காப்பாளர் முதலில் ஒரு வாய் கடித்துத் தின்கிறார். அதன் பிறகே குரங்குகள் வாங்கித் தின்கின்றன. நாமும் அப்படியே செய்வோம்.' அதுவே கூடத்தின் விதியாகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் ஆட்கள் ஆப்பிளை ஒரு கடி கடித்துவிட்டுத்தான் கூண்டுக்குள் நீட்டுவார்கள். எங்கள் செங்கோட்டை வீட்டில் தண்ணீர்ச் சொம்பை வாய்வைத்துக் குடித்ததற்கே அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். வேலையில் சேர்ந்த முதல் நாள், எச்சில் பழத்தைக் கொடு என்றதும் திகைத்துப்போனேன். காரணம் யாருக்கும் தெரியவில்லை. "எப்போதும் இப்படித்தான்" என்றார்கள்.

ஒரு புகைப்படமும் இருக்கிறது. முழங்கால் வரை பனி. லுங்கிக்கு மேல் யாருடையதோ பெரிய கோட்டு மாட்டிய ஒல்லி மனிதர். கோட்டின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே ஒரு குட்டிக் குரங்கின் முகம். படத்தின் பின்னால் 'இராயபுரம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் நான் ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டால் படத்துக்குக் கீழே 'பெயர் தெரியவில்லை' என்று போட்டுவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை வந்து சேர்ந்தேன். சென்னைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், ஆனால் பாரிமுனைக்கு வடக்கே கால் வைத்ததில்லை. எனக்கு அது வெளிநாடுதான். விடுதி வாசலில் கிடைத்த ஆட்டோக்காரர் பஷீர் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர், நாற்பது வயதிருக்கும். நான்கு நாளைக்கும் அவர் வண்டிதான் என்று பேசிக்கொண்டோம். கடற்கரைச் சாலையில் திரும்பிய ஐந்தாவது நிமிடத்தில் முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டன.

"எவ்ளோ நேரம் ஆகும் பாய்?"

"துறைமுகத்து கேட்டு தொறந்தா பத்து நிமிஷம் மேடம். தொறக்கலனா நாஷ்டா துண்ணுட்டு வந்துடலாம்."

திறக்கவில்லை. லாரிக்காரர்கள் வண்டிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் என் சக ஊழியர் ஒருவர் நகராட்சிக்குக் கடிதம் எழுதுவார். அவரை இங்கே ஒரு வாரம் கொண்டுவந்து விட வேண்டும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு சந்துக்குள் போய் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. வெங்காயமும் புளித்தண்ணீரும் வறுத்த பூண்டும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வெங்காயம் திணித்த முட்டை. கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன். இரண்டாவது தட்டும் கேட்டேன்.

அன்றைக்கு முழுவதும் படத்தைக் காட்டி விசாரித்தோம். இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். குரங்கும் கோட்டுமாக ஒரு படத்தை நீட்டினால் கூட்டம் கூடிச் சிரிக்கும் என்று பயந்து, முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி எடுத்து வந்திருந்தேன். விளைவு, ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். மீன் ஏலக்காரர் ஒருவருக்கு அது அவருடைய தாய்மாமன். டீக்கடைக்காரருக்கு, அவரிடம் கடன் சொல்லிவிட்டு ஓடிப்போன தறிக்காரர். குரங்குக் கிடங்கு என்று ஒன்று இருந்தது சிலருக்கு நினைவிருந்தது. எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையில் கை காட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலடிப்பேட்டைக்குப் போனேன். துறைமுகத்தில் சரக்குக் காகிதங்கள் எழுதிய ஒரு பழைய குமாஸ்தா அங்கே இருப்பதாகச் சொன்னார்கள். லாரிகளை நம்பாமல் கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அம்மாள் என் தோளில் தலை சாய்த்துத் தூங்க, அவரை எழுப்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்ததில் நான் இறங்க வேண்டிய திருவொற்றியூர் போய்விட்டது. எண்ணூரில் இறங்கித் திரும்பினேன். அதற்குள் நிலக்கரித் தூசி படிந்து, என் வெள்ளைத் துப்பட்டா என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. எங்கள் லாயத்தில் கரி அடுப்பு இருந்த காலத்தில் குரங்குகளின் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

குமாஸ்தா நல்ல மனிதர். சூடான டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உப்புக் கிடங்குக்குப் பின்னால ஒரு கொட்டாய். ஊரு ஊரா புடிச்சி லாரில கொணாந்து அடைப்பாங்க. நாத்தம் தாங்காது. ராத்திரில அதுங்க கத்தறது கொயந்த அழுவுற மாதிரியே இருக்கும். தடை வந்துச்சு, மூடிட்டுப் போய்ட்டாங்க." அங்கே வேலை பார்த்தவர்கள் பெயர் தெரியுமா என்றேன். "பேர யாரு கேட்டாங்க? கொரங்குக் கட ஆளுன்னு கூப்புடுவோம், வருவான்" என்றார். எங்கள் முதல் இயக்குநரும் இவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது போல இருந்தது எனக்கு.

சோர்ந்துபோய் இராயபுரம் திரும்பினேன். பஷீர் பாய் ஆட்டோ ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார். பக்கத்தில் ஓர் ஓட்டுநர், முந்தின நாள் தன் வண்டியில் ஒரு சினிமா நடிகை ஏறியதாக அளந்துகொண்டிருந்தார். இன்னொருவர் அவரைப் பார்த்துச் சொன்னார்: "போடா, கொரங்க கோட்டுக்குள்ள வெச்சிகினு வந்தவனே."

கையிலிருந்த டீ என் மேலேயே கொட்டிவிட்டது.

"இப்ப அவர் என்ன சொன்னார் பாய்?"

"அது சொம்மா மேடம். கப்சா வுட்றவன அப்டித்தான் சொல்வாங்க இங்க. எங்க அத்தாகூட சொல்வாரு."

"ஏன் அப்படிச் சொல்றாங்க?"

"அத்த யாரு கேட்டா? காசிமேட்டு ஆளுங்க பேச்சு, இங்க வந்து ஒட்டிகிச்சு."

போனை எடுத்து, வெட்டாத முழுப் படத்தையும் காட்டினேன். பஷீர் பாய் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இத்த மொதல்லயே காட்றதுக்கு இன்னா மேடம்? ரெண்டு நாளா சொம்மா சுத்திகினு கீறோம்" என்றார். ஒரு மனிதர் சொன்ன நிஜம் ஒரு வட்டாரத்துக்கே பொய்க்கு அடையாளமாகிப் போயிருக்கிறது.

புதன்கிழமை காசிமேடு. "கேக்கறதுக்கு முன்னால துண்ணுடலாம், பசில வாய் சரியா வராது" என்று பஷீர் பாய் தனக்குப் பழக்கமான ஒரு வறுத்த மீன் கடைக்கு அழைத்துப் போனார். ஒரு பெரிய இரும்புக் கல், ஒரு பலகை, மேலே நீலத் தார்ப்பாய். கடைக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கல்லில் சங்கரா மீன்கள் சிவக்கச் சிவக்க வெந்துகொண்டிருந்தன. அந்த வாசனைக்காகவே நான் என் ஊரை மாற்றிக்கொள்வேன். எங்கள் ஊரில் மீனை வேகவைத்து வெண்ணெய் ஊற்றி, அதுவே போதுமென்று நினைக்கிறார்கள்.

அந்த அம்மா ஒரு மீனைக் கல்லிலிருந்து எடுத்தார். ஓரத்தில் கொஞ்சம் பிய்த்துத் தன் வாயில் போட்டு மென்றார். பிறகு அதே மீனை இலையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

முதலில் எழுந்து நின்றது என் அம்மா வளர்த்த வளர்ப்புதான். என்ன இது, எச்சில் கையோடு என்று நினைத்தேன். அடுத்த நொடி புரிந்தது. இருபத்தாறு வருடமாகத் தினமும் காலையில் நான் செய்யும் காரியத்தை எங்கள் கூடத்துக்கு வெளியே ஒருவர் செய்து அன்றுதான் பார்க்கிறேன்.

"இன்னாமா பாக்கற? எச்சின்றியா? புடிக்கலனா வெச்சிட்டு போ" என்றார் அவர்.

"இல்லம்மா. ஏன் முதல்ல நீங்க சாப்பிட்டீங்க?"

"எங்கப்பா பழக்கம். அவுரு வேல பாத்த எடத்துல ஒரு தபா கெட்டுப்போன கடலய போட்டு நாலு ஜீவன் செத்துப்போச்சி. அதுலேந்து அவுரு துண்ணாம அதுங்களுக்கு குடுக்க மாட்டாரு. வாயில்லாதது, வவுத்து வலின்னா சொல்லுமான்னு கேப்பாரு. எனக்கும் அது வந்துடுச்சி. கெட்ட மீன நான் யாருக்கும் குடுத்ததில்ல."

பஷீர் பாயால் பொறுக்க முடியவில்லை. "செல்வியக்கா, அந்த ஜீவன் கொரங்கா?" என்று கேட்டுவிட்டார்.

செல்வியம்மாவின் முகம் மாறியது. என் கையிலிருந்த போனைப் பார்த்தார். காசிமேட்டில் மீன் சாப்பிடுவதை வீடியோ எடுக்க ஆட்கள் வருவது வழக்கமாம். "ஓ, கதையா கேக்க வந்தீங்க? எங்கப்பன உயிரோட கீறப்ப சிரிச்சது போதும். செத்தவன வேற வீடியோல போட்டு சிரிக்கப் போறீங்களா? எந்திரி. காசு வேணாம், எந்திரிச்சி போ." கரண்டியைக் கல்லில் தட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். பாதி மீனோடு எழுந்து வந்தோம். பஷீர் பாய் வழியெல்லாம் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை ஒரு ஸ்டூடியோவில் முழுப் படத்தையும் பெரிதாக அச்சடித்து வாங்கினேன். கடையில் கூட்டம் கூடுவதற்கு முன்பே போனோம். மீன் வைக்கும் பலகையில் ஒரு காகிதத்தை விரித்து அதன் மேல் படத்தை வைத்தேன்.

செல்வியம்மா திட்டத்தான் வாயெடுத்தார். பிறகு குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்துதான் படத்தைத் தொட்டார்.

"இது ஏது உனுக்கு?"

"நான் வேலை செய்யற இடத்துல இருக்கும்மா. அவர் வந்து தங்கின இடம்தான்."

"இது மாதிரியே ஒண்ணு அவுருகிட்ட இருந்துச்சி" என்றார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "சீமைலேந்து திரும்பி வந்தப்ப அது ஒண்ணுதான் கையில. அந்த கோட்டுல ஒளிஞ்சிகினு கீது பாரு, அதுக்கு செல்வின்னு பேரு வெச்சாராம். எல்லாத்துலயும் சின்னது, குளுருல நடுங்கிச்சின்னு கோட்டுக்குள்ளயே வெச்சிருந்தாராம். 'உன் நெனப்பாவே இருந்துச்சி கண்ணு, அதான் உன் பேர வெச்சேன்'னு சொன்னாரு. பாசமாத்தான் சொன்னாரு. தெருவுல எல்லாரும் என்ன கொரங்கு செல்வி, கொரங்கு செல்வின்னு கூப்ட ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடத்துலயும் அதே. எனக்கு பதினோரு வயசு. ஒரு நாளு ஆத்திரத்துல அந்த படத்த எடுத்துனு போயி கடல்ல போட்டுட்டேன்."

கல்லில் எண்ணெய் புகைய ஆரம்பித்தது. பஷீர் பாய் எழுந்துபோய் அடுப்பைக் குறைத்தார்.

"அப்பால அவுரு இன்னா சொன்னாலும் காட்டறதுக்கு ஒண்ணுமில்ல. பனின்னா நம்பல, கோட்டுன்னா நம்பல. கப்சான்னாங்க. வளந்தப்பறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சி, அந்த படத்த நான் நெசமாவே பாத்தனான்னு. சாவற வரைக்கும் அவுரு என்ன ஒரு வார்த்த கேக்கல. நான்தான் போட்டேன்னு அவுருக்கு தெரியும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "அதுங்கள இன்னா பண்ணீங்க?"

இந்தக் கேள்வி வருமென்று எனக்குத் தெரியும். விமானத்தில் வரும்போதே பதிலை நயமாக யோசித்து வைத்திருந்தேன். அந்த நயமெல்லாம் அவர் முகத்துக்கு முன்னால் வரவில்லை. "ஊசி போட்டோம்மா. மருந்து கொடுத்துப் பார்த்தோம். ரத்தம் எடுத்தோம். சிலது செத்துப்போச்சு. நானும் ஊசி போட்டிருக்கேன். இப்ப பத்து வருஷமா ஒண்ணும் பண்றதில்ல, வயசான காலத்துல வெச்சுப் பார்த்துக்கறோம். இருக்கிறதை எல்லாம் ஒரு காப்பகத்துக்கு அனுப்பறாங்க, அங்க மரம் இருக்கு."

அவர் தலையாட்டினார். சமாதானமானாரா என்று எனக்குத் தெரியவில்லை. "கொயந்தைங்களுக்கு மருந்து கண்டுபுடிக்கத்தான்னு சொல்லி இட்டுனு போனாங்களாம். அவுரு அதயே சொல்லிகினு இருந்தாரு. ஆனா நெறைய நாளு தூக்கத்துல பேசுவாரு" என்றார்.

அப்போதுதான் நான் சொல்ல வேண்டியது ஞாபகம் வந்தது. எங்கள் ஏடுகளில் குரங்குகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அந்தப் படத்தின் தேதிக்கு லாயத்தில் இருந்தவற்றில் மிகச் சின்னது பதினேழாம் எண். பிழைக்காது என்று நோட்டில் எழுதப்பட்ட குட்டி. அது பிழைத்தது, வளர்ந்தது, குட்டிகள் போட்டது. மற்றவற்றின் வம்சம் ஒவ்வொன்றாக அற்றுப்போய்விட்டது. இன்றைக்கு எங்களிடம் மிச்சமிருக்கும் பதினோரு குரங்குகளும் பதினேழின் வழி வந்தவை.

"செல்வியோட பேரன் பேத்திங்கதான் இப்ப எங்ககிட்ட இருக்கறது எல்லாம்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எனக்கு பேரன் ரெண்டுதான். அவ என்ன முந்திகினா."

மணி பன்னிரண்டு. எங்கள் ஊரில் காலைத் தீனி கொடுக்கும் நேரம். எங்கள் காப்பாளன் யான் என்பவனை வீடியோவில் அழைத்தேன். இரண்டு ஆள் உயரம், முகமெல்லாம் தாடி. செல்வியம்மா யாரென்று சொன்னதும் பதறிப்போய்த் தொப்பியைக் கழற்றினான். பிறகு போனைக் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான். நான் அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூடையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தான், ஒரு கடி கடித்தான், மென்று விழுங்கினான், மீதியை நீட்டினான். ஒரு கிழட்டுப் பெண் குரங்கு வந்து அவன் வாயை உற்றுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டது.

செல்வியம்மா போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். யான் அடுத்த ஆப்பிளைக் கடித்தான். அதற்கடுத்ததையும் கடித்தான். பதினொன்றும் முடியும் வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

"எங்கப்பா மாரியே மெல்றான்" என்றார். "சொன்னது அத்தினியும் நெசம். ஒண்ணுகூட கப்சா இல்ல." பிறகு பஷீர் பாயிடம் திரும்பினார். "ஸ்டாண்டுல போயி சொல்லு. இனிமே எவனாவது அந்த பேச்ச பேசட்டும், கரண்டியோட வரேன்."

"வரவே வேணாக்கா, நானே பாத்துக்கறேன்" என்றார் பஷீர் பாய்.

கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. செல்வியம்மா படத்தைத் தார்ப்பாய்க் கம்பில் உயரமாகக் கட்டச் சொன்னார், எண்ணெய் தெறிக்காத இடமாகப் பார்த்து. வறுத்த சங்கரா ஒன்றை எடுத்து, ஓரத்தில் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, என்னிடம் நீட்டினார். இந்தத் தடவை முள் மட்டும் மிஞ்சும்படி சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். அவர் அப்பா பெயரைக் கேட்டு, புத்தகத்துக்கு அனுப்ப வேண்டிய வரியை எழுதி, சரியா என்று அவரிடம் படித்துக் காட்டினேன்: 'எல்லப்பன், இராயபுரம். நம் கூடத்தின் முதல் காப்பாளர்.'

கல்லில் மீனைத் திருப்பிப் போட்டபடியே கேட்டார். "அவ்ளோதானா?"

"வேற என்னம்மா எழுதணும்?"

"கோட்டுக்குள்ள கீதே, அத்த வுட்டுட்டியே. செல்வின்னு எழுது."